புதிய சிகிச்சையும் நோயாளர் வாக்கும்



புதிய மருந்தொன்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்னும் செய்தி கேட்கும்போது, நோயுற்றோர் இல்லங்களிலே நம்பிக்கை துளிர்க்கின்றது. ஆயின், அச்செய்தி வெளிவந்த நாளுக்கும், அம்மருந்து ஓர் ஊர் வைத்தியசாலையின் அலுமாரிக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையே பல படிகள் உள்ளன. முதலில் அது ஆய்வுகூடத்திலும், பின்னர் மனிதரிடத்தும் பரீட்சிக்கப்படுகின்றது. அதன்பின், அது பயனுடையதா, அதன் தீங்கு பொறுக்கத்தக்கதா என்று அரசின் அதிகாரசபை ஆராய்கின்றது. இறுதியாக, பொதுமக்களின் பணத்தைச் செலவிட்டு அதனை வாங்குதல் தகுமா என்பதைப் பல நாடுகளில் வேறொரு குழு தீர்மானிக்கின்றது. இப்படிகள் யாவற்றிலும் எழும் வினா ஒன்றே: இச்சிகிச்சையாற் பயன் உண்டா?

இவ்வினாவைக் கேட்பது எளிது. எவருக்குப் பயன், அப்பயன் எவ்வாறு அளக்கப்பட்டது என்று தொடர்ந்து கேட்கும்போதுதான் விடை கடினமாகின்றது. இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் இறங்குவது பயனா? எக்ஸ்-கதிர்ப் படத்தில் இருந்த நிழல் மறைவது பயனா? அல்லது நோயாளி எழுந்து, தன் பிள்ளைக்குத் தன் கையாற் சோறு பிசைந்து ஊட்டுவது பயனா? இம்மூன்றும் சில வேளை ஒன்றாக வரும். சில வேளை வேறு வேறாக நிற்கும். அவை வேறுபட்டு நிற்கும் இடத்திலே எதனைக் கணக்கில் எடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. வரிசையில் நோயுற்றவனே முதலில் நிற்கின்றான். நவீன மருத்துவ ஆராய்ச்சியோ நெடுங்காலம் மருந்தையும் வைத்தியரையும் நன்கு கவனித்தது. நோயுற்றவனை அளக்கப்படும் பொருளாக மட்டுமே கண்டது. அந்நிலை எவ்வாறு மாறி வருகின்றது என்பதைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு நோக்குவோம்.

சிகிச்சைகளை ஒப்பிட்டுச் சோதிக்கும் முறைக்கு முன்னோடியாக ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியரைக் கூறுவர். 1747ஆம் ஆண்டு, சொல்ஸ்பரி என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிலே, ஸ்கேவி நோயால் முரசு வீங்கி வலிமை இழந்த 12 மாலுமிகளை அவர் இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் தேசிக்காய் இனத்துப் பழமும் உண்ட இருவரும் சில நாளிலேயே தேறினர். அங்கே பயன் எது என்பதில் ஐயம் எழவில்லை. படுத்த மாலுமி எழுந்து வேலை செய்தான். அதைக் கண்ணாற் கண்டார்கள். அவ்வாறிருந்தும் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கு அப்பழச்சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795ஆம் ஆண்டிலேதான்.

இருநூறு ஆண்டுகளின் பின், 1948இல், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்தைப் பற்றிய தன் பரீட்சையின் முடிவை வெளியிட்டது. நுரையீரற் காசநோய் கொண்ட 107 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். எவர் மருந்து பெறுவார், எவர் படுக்கை ஓய்வு மட்டும் பெறுவார் என்பதை வைத்தியரின் விருப்பம் தீர்மானிக்காது, சீட்டுக் குலுக்குவதை ஒத்த முறையொன்று தீர்மானித்தது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் நால்வர் இறந்தனர். பெறாத 52 பேரில் 14 பேர் இறந்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் மருந்துப் பரீட்சைகளுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

அப்பரீட்சையின் பெருமையைக் குறைத்துக் கூறுதல் தகாது. ஆயினும் அதில் ஒரு செய்தி உண்டு. மருந்து பெறாத பிரிவினர், தாம் ஒரு பரீட்சையில் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டுள்ளோம் என்பதை வைத்தியசாலையில் இருந்த காலம் முழுவதும் அறியவில்லை. அக்காலத்தில் அதனைக் குற்றமாக எவரும் கருதவில்லை. நோயாளியின் சம்மதத்தைக் கேட்பதே வழக்கமாகாத அந்நாளில், எதனை அளப்பது என்று அவரைக் கேட்கும் எண்ணம் எங்ஙனம் தோன்றியிருக்கும்?

சில ஆண்டுகளின் பின்னர், காசநோய் பற்றிய வேறொரு பரீட்சை நமக்கு மிக அண்மையிலே நடைபெற்றது. 1956ஆம் ஆண்டிலே சென்னை நகரிற் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதிற் கைகோத்து நின்றன. காசநோய் கண்டவரை மாதக்கணக்கிற் சுகநிலையத்திலே தங்கவைத்து, ஓய்வும் நல்லுணவும் கொடுத்தாலன்றி நோய் தீராது என்பது அந்நாளைய கொள்கை. அக்கொள்கை உண்மையா என்பதை அங்கே சோதித்தார்கள். நகரத்தின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளருள் ஒரு பிரிவினர் சுகநிலையத்திலும், மறுபிரிவினர் தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தை உட்கொண்டனர்.

வீட்டில் இருந்தோருக்கு நல்ல உணவு கிட்டவில்லை, ஓய்வும் கிட்டவில்லை, நெருக்கமான குடில்களிலே பலரோடு வாழ்ந்தனர். அவ்வாறிருந்தும், 1959இல் வெளியான முடிவின்படி, அவர்கள் சுகநிலையத்தில் இருந்தோரை ஏறத்தாழ ஒத்த அளவிற் குணமடைந்தனர். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினருக்கும் அதனால் மேலதிகமாக நோய் தொற்றவில்லை என்பது பின்னர் பல ஆண்டு தொடர்ந்து நோக்கியபோது உறுதியாயிற்று. உலகின் பல நாடுகளிலே காசநோய்ச் சுகநிலையங்கள் மூடப்படுவதற்கும், நோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்பதற்கும் இவ்வாய்வு வழிகோலியது.

இவ்வாய்வாளர் நோயாளரைக் குழுவில் அமர்த்திக் கருத்துக் கேட்டார் என்று நான் கூறவரவில்லை. ஆயின் அவர்கள் எடுத்துக்கொண்ட வினா நோயாளியின் வாழ்க்கையிலிருந்து எழுந்த வினா. உழைத்து உண்ணும் ஒருவன் ஓராண்டு வீட்டை விட்டுப் பிரிந்தால் மனைவி மக்களின் கதி யாது? கைக்குழந்தையை விட்டுத் தாய் எவ்வாறு செல்வாள்? எந்தப் பொருளை ஆராய்வது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே நோயாளியின் நிலை கணக்கில் வந்துவிட்டால், விடையும் அவருக்குப் பயன்படும் விடையாகின்றது.

அத்தகைய வினா எழாதபோது நேர்வது யாது என்பதற்கு மார்புப் புற்றுநோயின் வரலாறு சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலிருந்த வில்லியம் ஹோல்ஸ்ரட் என்னும் சத்திரவைத்தியர், மார்பு முழுவதையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையை வகுத்தார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே அந்நாட்டின் வழக்கமாயிருந்தது. அச்சத்திரசிகிச்சைக்குப் பின் கை வீங்கும். தோளை உயர்த்துவது கடினமாகும். கட்டியைச் சோதிப்பதும் மார்பை அகற்றுவதும் ஒரே மயக்கத்திலே செய்யப்பட்டமையால், சத்திரகூடத்துக்குச் செல்லும் பெண், தான் விழிக்கும்போது மார்பு இருக்குமா இராதா என்பதை அறியாமலே கண் மூடினாள்.

ரோஸ் குஷ்னர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 1974ஆம் ஆண்டிலே தம் மார்பிற் கட்டியொன்றைக் கண்டார். சோதனை வேறாகவும் சிகிச்சை வேறாகவும் நடைபெற வேண்டும். இடையே யான் சிந்தித்து முடிவு செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பின்னர் அதனையே நூலாகவும் எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இந்நோயின் சிகிச்சை பற்றி ஆராய அமைத்த குழுவிலே வைத்தியர்களுடன் அவரும் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். ஹோல்ஸ்ரட்டின் முறை இனி வழக்கமான முறையாக இருத்தல் வேண்டா என்றும், சோதனையையும் சிகிச்சையையும் பெரும்பாலும் வேறுபடுத்துதல் நன்று என்றும் அக்குழு கூறிற்று.

அதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரிலே உம்பேர்ட்டோ வெறொனேசியும், அமெரிக்காவிலே பேர்னாட் பிஷரும், கட்டியுள்ள பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளிப்பதை, மார்பு முழுவதையும் அகற்றுவதோடு ஒப்பிட்டுப் பரீட்சை நடத்தினர். மிலான் ஆய்வில் 701 பெண்கள் பங்குபற்றினர். அதன் முதல் முடிவு 1981இல் வந்தது. அமெரிக்க முடிவு 1985இல் வந்தது. இருபது ஆண்டு தொடர்ந்து நோக்கிய பின், 2002இல் இரண்டு ஆய்வுகளும் மீண்டும் ஒரே விடையைக் கூறின: இரு முறையிலும் உயிர்வாழும் காலம் சமமே. உயிரை மட்டும் எண்ணியவருக்கு இரண்டும் ஒன்று. அவ்வுடலோடு எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டிய பெண்ணுக்கு அவை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை அவள் வாயாற் கேட்டாலன்றி எந்த எண்ணும் காட்டாது.

இனி முடக்குவாதம் என்னும் மூட்டு நோயை நோக்குவோம். இந்நோய்க்கான மருந்துகளைப் பரீட்சிப்போர் எதனை அளப்பது என்பதில் உலகளாவிய ஒற்றுமை வேண்டும் என்னும் கருத்தோடு, 1992ஆம் ஆண்டு நெதர்லாந்தின் மாஸ்திரிக்ற் நகரிலே பல நாட்டு வைத்தியர் கூடினர். ஓமெராக்ற் எனப்படும் அம்முயற்சி இன்றும் தொடர்கின்றது. வீங்கிய மூட்டுகள் எத்தனை, நோகும் மூட்டுகள் எத்தனை, வலி எவ்வளவு, அன்றாடச் செயல்களில் இடர் எவ்வளவு, இரத்தத்தில் அழற்சியின் அடையாளம் எவ்வளவு என்பன போன்றவை பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் நிறைவானதென்றே பலரும் எண்ணினர்.

பத்தாண்டு கழித்து, 2002இல் அவுஸ்திரேலியாவில் நடந்த கூட்டத்துக்கு நோயாளரும் அழைக்கப்பட்டனர். அவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூறியது ஒன்று: எங்களை வாட்டும் களைப்பு இதில் இல்லையே என்றனர். நித்திரையாலும் நீங்காத களைப்பு. காலையில் எழும்போதே கூட வரும் களைப்பு. வலி அடங்கிய நாளிலும் வேலைக்குப் போக விடாத களைப்பு. வைத்தியர் அதனை அறியாதவரல்லர். ஆயினும் அதனை நோயின் பக்க விளைவாகக் கருதினரேயன்றி, மருந்தின் வெற்றி தோல்வியை அளக்கும் கோலாகக் கருதவில்லை. அதன்பின் ஆராய்ச்சி நடைபெற்றது. களைப்பை அளக்க முடியும், நல்ல சிகிச்சையால் அது குறையும் என்பன தெளிவாயின. 2006இல் மோல்ற்றாவிற் கூடியபோது, முடக்குவாத மருந்துப் பரீட்சைகளிலே இயன்றவிடமெல்லாம் களைப்பையும் அளத்தல் வேண்டும் என்று அனைவரும் ஏற்றனர்.

நேயர்களே, இதுவரை கூறியவற்றால், நோயாளரைக் கேட்டல் நன்று என்பது விளங்கும். பல நாடுகளில் பல மொழி பேசுவோரிடம் கேட்கும்போது வேறொரு சிக்கல் எழுகின்றது. இன்று ஒரு புதிய மருந்து ஒரே காலத்தில் இருபது முப்பது நாடுகளிற் பரீட்சிக்கப்படுவதுண்டு. நோயாளரின் நிலையை அறிய ஒரு வினாக்கொத்தைக் கொடுப்பர். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் மொழிபெயர்க்கப்படுவது.

மூட்டு நோயாளருக்காக அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டு, 1980இல் வெளியான புகழ்பெற்ற வினாக்கொத்தை எடுத்துக்கொள்வோம். குளியல் தொட்டியில் இறங்கிக் குளிக்க முடிகின்றதா, மோட்டார் வண்டியின் கதவைத் திறக்க முடிகின்றதா, தட்டிலுள்ள இறைச்சியை வெட்ட முடிகின்றதா, தூசு உறிஞ்சும் யந்திரத்தால் வீட்டைத் துப்புரவாக்க முடிகின்றதா என்று அது கேட்கின்றது. கிணற்றடியிலே தண்ணீர் அள்ளிக் குளிக்கும் நம் கிராமத்துப் பெண் இதற்கு என்ன விடை கூறுவாள்? குளியல் தொட்டியை அவள் கண்டதில்லை. தேங்காய் துருவ முடிகின்றதா, குந்தியிருந்து எழும்ப முடிகின்றதா, வாளியை இழுக்கும்போது மணிக்கட்டு நோகின்றதா என்று கேட்டால் உடனே விடை வரும். இதனை உணர்ந்து, இந்தியாவிலே இவ்வினாக்கொத்துக்கு ஒரு புது வடிவம் அமைத்து 2002இல் வெளியிட்டனர். சம்மணமிட்டு இருத்தல், குந்துதல், சேலையோ வேட்டியோ கட்டுதல் என்பன அதிற் சேர்ந்தன.

சொல்லிலும் இடர் உண்டு. சற்றுமுன் கூறிய களைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். களைப்பு, சோர்வு, அசதி, இளைப்பு எனத் தமிழிற் பல சொற்கள் உள்ளன. இளைப்பு என்றால் ஒருவர் உடல் அயர்ச்சியை எண்ணுவார். மற்றொருவர் மூச்சு வாங்குதலை எண்ணுவார். வேறொருவர் உடல் மெலிதலை எண்ணுவார். மூவரும் ஒரே கட்டத்தில் ஒரே அடையாளமிட்டால், அதனை வைத்து எதனை அறியலாம்? இதனாலேதான், தக்கதொரு மொழிபெயர்ப்புக்கு முறை வகுத்துள்ளனர். இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். முதல் நூலைக் காணாத வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இறுதியில் சில நோயாளரிடம் அதனைக் கொடுத்து, நீங்கள் இதனை எவ்வாறு விளங்கிக்கொண்டீர்கள் என்று வாய்மொழியாகக் கேட்பர். இக்கடைசிப் படியைச் சுருக்கிவிட்டால் முன்னைய படிகள் அனைத்தும் வீணாகும்.

அளவுகோலின் மதிப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் 1987இற் கூடி அமைத்த அளவை ஒன்று இன்று உலகெங்கும் வழங்குகின்றது. நடமாட்டம், தன்னைத் தானே பராமரித்தல், அன்றாட வேலை, வலி, மனக் கவலை என ஐந்து பொருளை அது கேட்கும். அவ்வைந்தில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை அறிய, பொதுமக்களிடம் ஒரு கடினமான வினாவைக் கேட்பர்: இந்நோய் நிலையிலே பத்தாண்டு வாழ்வீரா, அல்லது முழுச் சுகத்தோடு அதனிற் குறைந்த காலம் வாழ்வீரா, எத்தனை ஆண்டை விட்டுக்கொடுப்பீர்? இங்கிலாந்து மக்கள் கூறும் விடையும் வேறு நாட்டு மக்கள் கூறும் விடையும் ஒத்திருப்பதில்லை. ஆதலின் பல நாடுகள் தத்தம் மக்களைக் கேட்டுத் தமக்கெனத் தனி மதிப்புகளை அமைத்துக்கொண்டன. இலங்கையிலும் இத்தகைய ஆய்வு நடைபெற்று, நம் நாட்டு மக்களின் மதிப்பீடு வெளியிடப்பட்டுள்ளது. பிற நாட்டார் விருப்பத்தை நம் விருப்பமெனக் கொண்டு கணக்கிடும் நிலை இதனால் ஓரளவு நீங்கும்.

இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. கண்ணொளியைத் தீர்மானிக்கும் கணக்காகவும் அமைந்ததுண்டு. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதடைந்து பார்வை குன்றும் நோய் ஒன்று உளது. அதன் ஒரு வகைக்குக் கண்ணுள் ஏற்றும் ஊசிமருந்து வந்தது. விலையோ மிக அதிகம். மருந்துகளின் பயனையும் விலையையும் ஒப்பிட்டு ஆராய 1999இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட நைஸ் என்னும் நிறுவனம், 2007இல் தன் நகல் முடிவை வெளியிட்டது. இரு கண்களும் பாதிக்கப்பட்ட பின்னரே, அவற்றுள் நன்கு தெரியும் கண்ணுக்கு மட்டும் இம்மருந்து கொடுக்கலாம் என்றது அந்நகல். ஒரு கண் தெரிந்தால் மனிதன் பெரும்பாலான வேலைகளைச் செய்துகொள்வான். ஆதலின் முதற் கண்ணைக் காப்பதாற் பெறும் பயன் செலவுக்கு ஈடாகாது என்பது அக்கணக்கு. நான் மேலே கூறிய ஐந்து பொருளில் பார்வை என்னும் பொருள் இல்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

நோயாளரும் பார்வையற்றோர் நலனுக்கான சங்கங்களும் இதனை வன்மையாக எதிர்த்தனர். ஒரு கண்ணை இழந்தவர் மற்றக் கண்ணும் எந்நாள் போகுமோ என்று அஞ்சி வாழும் வாழ்வை அவர்கள் எடுத்துரைத்தனர். ஒரு கண் குருடாகும்வரை காத்திருக்கச் சொல்வது வைத்தியமா என்று வினவினர். 2008ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் வெளியான இறுதி முடிவு மாறியிருந்தது. முதற் கண்ணுக்கே சிகிச்சை அளிக்கலாம் என்றது. பதினான்கு ஊசிகளுக்கு மேற்பட்ட மருந்துச் செலவை உற்பத்தி செய்யும் கம்பனி ஏற்பதென்னும் உடன்பாடும் அதில் இருந்தது. நோயாளரின் குரல் மட்டும் முடிவை மாற்றிற்று என்று கூறுதல் மிகை. விலை உடன்பாடும் சேர்ந்தே மாற்றிற்று. ஆயினும், எண்களில் அகப்படாத அச்சம் ஒன்று இருப்பதைக் குழுவினர் அறியும்படி செய்தவர் நோயாளரே.

இன்று பல நாடுகளில் இதற்கு முறையான வழிகள் உள்ளன. ஜேர்மனியிலே 2004இல் அமைந்த கூட்டுக் குழுவில் நோயாளர் பிரதிநிதிகள் அமர்கின்றனர். பேசவும் பிரேரணை கொண்டுவரவும் அவர்களுக்கு உரிமை உண்டு, வாக்களிக்கும் உரிமை இல்லை. கனடாவிலே 2010 முதல், புதிய மருந்து மதிப்பிடப்படும்போது நோயாளர் சங்கங்கள் எழுத்தில் தம் அனுபவத்தைச் சமர்ப்பிக்க இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இயற்றிய சட்டம் 2025ஆம் ஆண்டு தை மாதம் 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலிற் புற்றுநோய் மருந்துகளும் உயர்நிலைச் சிகிச்சைகள் சிலவும் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பொதுவாக மதிப்பிடப்படுகின்றன. அம்மதிப்பீட்டிலே அந்நோய் கொண்டோரின் கருத்தையும் கேட்குமாறு சட்டமே விதிக்கின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். நோயாளர் விரும்புவது யாவும் நன்மையே என்று கொள்ளுதல் பிழை. 1990களிலே, அமெரிக்காவில், பரவிய மார்புப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான அளவில் மருந்தைச் செலுத்தி, பின்னர் நோயாளியின் சொந்த என்பு மச்சையை மீண்டும் ஏற்றும் சிகிச்சை பெரும் நம்பிக்கையைத் தூண்டிற்று. பரீட்சை முடியும்வரை காத்திருக்க எவரும் விரும்பவில்லை. பணம் தர மறுத்த காப்புறுதிக் கம்பனிகள் நீதிமன்றுக்கு இழுக்கப்பட்டன. பல்லாயிரம் பெண்கள் அச்சிகிச்சையைப் பெற்றனர். பரீட்சைக்கு வெளியேயும் அது கிடைத்தமையால், பரீட்சையிற் சேர்வோர் குறைந்து விடை தாமதமாயிற்று. 1999இல் ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது, நான்கு பயன் காட்டவில்லை. பயன் காட்டிய ஒன்று தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. அது பொய்யான ஆய்வு என்பது அடுத்த ஆண்டே வெளிப்பட்டது.

ஆகவே, எதனை நோயாளரிடம் கேட்பது, எதனைப் பரீட்சையிடம் கேட்பது என்பதை வேறுபடுத்துதல் அவசியம். என் நோய் என்னை எவ்வாறு வருத்துகின்றது, எந்தப் பயன் எனக்குப் பெரிது, எந்தத் தீங்கை யான் பொறுப்பேன் என்பவற்றை நோயாளியே கூற வல்லார். இம்மருந்து அப்பயனை உண்மையாகத் தருமா என்பதைச் செம்மையான ஒப்பீடே கூற வல்லது. முதல் வினாவை வைத்தியர் தாமே விடுத்துத் தாமே விடை சொன்னதால் விளைந்தது ஹோல்ஸ்ரட் முறையின் நீண்ட ஆட்சி. இரண்டாம் வினாவை நம்பிக்கையிடம் விட்டதால் விளைந்தது என்பு மச்சைச் சிகிச்சையின் துன்பம். இரண்டிலும் துன்புற்றோர் நோயாளரே.

இன்னும் இரு குறைகள் உண்டு. நோயாளர் சங்கங்கள் சில, மருந்துக் கம்பனிகளிடமிருந்து நிதி பெறுகின்றன. நிதி பெறுவதனாலேயே அவர்கள் சொல் பொய்யாகிவிடாது. ஆயினும் அதனை வெளிப்படையாகக் கூறிய பின்னரே பேசவேண்டும் என்று பல நாடுகளில் விதித்துள்ளனர். மற்றது, குரல் எழுப்ப வல்லோர் குரலே சபையேறும் என்பது. கல்வியும் ஓய்வும் உடையோர் சங்கம் அமைப்பர். தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்ணும், கடலுக்குச் செல்லும் மீனவனும், மனநோயால் வருந்துபவரும் சங்கம் அமைப்பது அரிது. அவர்களை நாடிச் சென்று கேட்பது கேட்போரின் கடமை. தேடி வருவோரை மட்டும் கேட்டுவிட்டு மக்கள் கருத்தை அறிந்தோம் என்று கூறுதல் பொருந்தாது.

நம் நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை பெறுகின்றோம். 2006ஆம் ஆண்டிலிருந்து மருந்துப் பரீட்சைகளைப் பதிவுசெய்யும் பதிவேடும், 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் இங்கே உள்ளன. ஆயின் மேற்கூறிய குழுக்கள் யாவும் தூர இடத்தன என்று எண்ணி, நாம் வாளாவிருத்தல் கூடாது. மருந்தொன்றின் பயனைப் பற்றிய அறிவு, நோயாளி வைத்தியரிடம் கூறும் சொல்லிலிருந்தே தொடங்குகின்றது. சுகமா என்று வைத்தியர் கேட்டதும், ஓம் ஐயா, சுகம் என்று மரியாதைக்காகக் கூறிவிட்டு எழுந்து வருவது நம்மிடையே வழக்கம். வீட்டுக்கு வந்தபின், மாத்திரை போட்டால் தலை சுற்றுகின்றது, இரவில் நித்திரை இல்லை என்று உறவினரிடம் முறையிடுகின்றோம். அம்முறையீடு குறிப்பேட்டில் ஏறுவதில்லை. ஏறாதது எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

ஆதலின், வைத்தியசாலைக்குச் செல்லுமுன், மருந்துண்ட பின் நேர்ந்த மாற்றங்களையும், உங்களால் முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாதிருக்கும் வேலைகளையும் ஒரு தாளில் நான்கு வரியாகக் குறித்துச் செல்லுங்கள். எழுத இயலாத முதியவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். ஏதேனும் ஓர் ஆய்விற் சேருமாறு உங்களை அழைத்தால், அதன் விளக்கத்தை உங்களுக்கு விளங்கும் மொழியிலே கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. சேர மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்ததனால் வழக்கமான சிகிச்சை குறைதல் ஆகாது. இவ்வாய்விலே எதனை அளக்கப் போகின்றீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்களை வருத்தும் பொருள் அதில் இல்லையெனின், அதனையும் தயங்காது கூறுங்கள்.

வைத்தியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழிலே ஒரு வினாக்கொத்தை அமைக்கும்போது, அகராதியைப் புரட்டுவதோடு நில்லாது, மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மலைநாட்டிலும் வாழும் நோயாளர் சிலரிடம் அதனை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எச்சொல்லில் தடுக்குகின்றனரோ அச்சொல்லை மாற்றுங்கள். அதற்கு ஒரு சில நாட்களே செல்லும்; அதன் பயனோ அவ்வினாக்கொத்து வழங்கும் காலமெல்லாம் நிலைக்கும்.

2002இல் அவுஸ்திரேலியாவிலே கூடிய நோயாளர், வைத்தியர் அறிந்திருந்தும் எண்ணாது விட்ட ஒன்றையே எடுத்துக் கூறினர். அதன் பயனாக, எங்கோ ஒரு நாட்டில் முடக்குவாதத்தால் வருந்தும் ஒருவரின் களைப்பு இன்று மருந்தின் மதிப்பைத் தீர்மானிக்கும் எண்களுள் ஒன்றாகின்றது. அடுத்து எண்ணப்பட வேண்டியது எது என்பதை, இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் ஒருவரே அறிந்திருக்கவும் கூடும். அதனை உங்கள் வைத்தியரிடம் கூறுங்கள்.